பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் வந்த நாள்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போக வேண்டியது. அப்பா வேலை பார்த்த கம்பெனியில் புதிதாக நான்கு வாங்கியதும் பழையதைத் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா முதலாளியின் அறை வாசலில் போய் நின்று, மகள் ஆறாவது படிக்கிறாள், அவளுக்குப் பிரயோஜனப்படும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலாளி தலையை நிமிர்த்தாமலேயே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷ வேலையில் அப்பா அவரிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான் என்று அம்மா சொல்வாள்.

லோடு ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு அப்பா முத்தையாபுரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வருகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் ஆட்டோவுக்கு முன்னால் ஓடினேன்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஆள் அனுப்புவதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். அப்பா அதில் கிளார்க். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் எந்தக் கப்பலில் யார் யார் இறங்குகிறார்கள் என்று பட்டியல் டைப் அடிப்பது அவர் வேலை. அந்தப் பட்டியலை எல்லாம் இதே கம்ப்யூட்டரில்தான் அடித்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அவை அதற்குள்ளேயே கிடந்தன. எனக்குப் படம் வரைவது அலுத்துப்போனால் அதில் ஒன்றைத் திறந்து, பேர்களைப் பார்த்துப் பார்த்து டைப் அடித்துப் பழகுவேன். எத்தனையோ அந்தோணிகள், எத்தனையோ முருகன்கள். அப்பா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போகாதே என்று மட்டும் சொன்னார்.

கம்ப்யூட்டர் வருவதற்கு இரண்டு மாதம் முந்தி, ஐப்பசி மழையில், ஒரு நிலக்கரிக் கப்பலின் ஏணியிலிருந்து வழுக்கி உள்ளே விழுந்து ஒருவர் செத்துப்போனார். கடற்கரைப் பக்கத்து ஆள். சின்ன வயதில் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவர். காதில் ரத்தம் வந்து, கேட்பது குறைந்த பிறகு, கடலை விட்டுவிட்டுத் துறைமுக வேலைக்கு வந்தவர். அப்பா அவருடைய அடக்கத்துக்குப் போய்வந்து, குளித்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கம்பெனி என்ன சொன்னது என்பது பிறகு ஊரெல்லாம் தெரிந்தது. அந்த ஆள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டு யாரையோ பார்க்கக் கப்பலில் ஏறியிருக்கிறான், அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் ஒரு சாயங்காலம், செத்துப்போனவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா உள்ளே வரச் சொல்லியும் கேட்டைத் தாண்டி வரவில்லை. அப்பா கேட்டுக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

"அண்ணாச்சி, கேஸ் போட்டிருக்கோம். அன்னைக்கு அவுக வேலைக்கு வந்தாகன்னு நீங்க அடிச்ச பேப்பர் எங்கயாவது கெடக்குமா?"

அப்பா வெகுநேரம் கேட்டின் கொக்கியைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில், "பாக்கேன்மா," என்றார்.

அவர் போன பிறகு அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்று, எனக்குப் படம் வரையும் நேரம் போகிறதே என்று கோபமாக இருந்தேன். அன்றைக்கு என் கோபமெல்லாம் அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துக் கம்ப்யூட்டர் ஓடவில்லை.

சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, ஒரு சின்ன பீப் சத்தமும் கேட்டது. வழக்கமாக வரும் நீல மேகப் படம் மட்டும் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், டிஸ்க் பூட் ஃபெயிலியர் என்று ஆரம்பித்து ஒரு வரி நின்றது. சிஸ்டம் டிஸ்க்கைப் போட்டு என்டரைத் தட்டு என்றது. நான் என்டரைத் தட்டினேன். அதே வரி கீழே இன்னொரு தடவை வந்தது. இருபது தடவை தட்டினேன். திரை முழுக்க அதே வரியாக நிறைந்தது.

அப்பாவிடம் ஓடினேன். அவர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, உப்புக்காத்தில் இவ்வளவு நாள் ஓடியதே பெரிசு, இனி அதைத் தொடாதே என்றார். நான் அழுதேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டருக்கு என்று ஒரு மிஸ் இருந்தார். புதிதாக வந்தவர், சின்ன வயசு. நான் மதிய இடைவேளையில் அவரிடம் போய், ஏதோ வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டர் மாதிரியே கேள்வி கேட்டார். ஃப்ளாப்பி எதையாவது உள்ளே மறந்து வைத்திருக்கிறாயா என்றார். எங்கள் ஃப்ளாப்பி டிரைவ் வீட்டுக்கு வரும்போதே துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தது. அதில் எதையும் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. சரி, பெட்டியில் காதை வைத்துக் கேள், டக் டக் என்று தட்டுகிற சத்தம் வந்தால் டிஸ்க் செத்தது, சீராகச் சுற்றுகிற சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காதை வைத்தேன். விசிறி இரைச்சலுக்குப் பின்னால், தூரத்தில் மோட்டார் ஓடுகிற மாதிரி, மெல்லிசாக ஒரு சத்தம் விடாமல் கேட்டது. தட்டல் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எதோடும் ஒப்பிட முடியாது. அப்பா சொன்னது தப்பு. உயிர் இருக்கிறது.

மறுநாள் மிஸ் அடுத்த வழியைச் சொன்னார். ஆரம்பிக்கும்போதே டிலீட் பட்டனை அழுத்தினால் ஒரு நீலப் பக்கம் வரும், அதில் டிஸ்க்கின் பேர் இருக்க வேண்டும் என்றார். நான் போய்ப் பார்த்தேன். பேர் இருக்க வேண்டிய இடத்தில் நன் என்று இருந்தது. ஒன்றுமில்லை என்று அர்த்தம். மிஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. சுற்றுகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அது இருப்பதே தெரியவில்லை, அப்படியென்றால் வயர்தான் என்றார். ரிப்பன் மாதிரி அகலமாக ஒன்று இருக்கும், ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கும், அந்தச் சிவப்பு ஓரம் கரண்டு வயர் பக்கமாக இருக்கும்படி அழுத்தி மாட்ட வேண்டும் என்று நோட்டில் படமே போட்டுக் கொடுத்தார். பிளக்கைப் பிடுங்காமல் தொட்டுவிடாதே, முடிந்தால் அப்பாவைச் செய்யச் சொல் என்றார். முதல் பாதியை மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை அப்பாவுக்கு வேலை உண்டு. மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, திருகாணிகளைக் கழற்றினேன். அவை ஏற்கெனவே லூசாக இருந்தன. உள்ளே ஒரே தூசி. டிஸ்க்கின் மேல் மட்டும் தூசி இல்லை, அதன் மேல் விரல் பட்ட தடம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி. சிவப்புக் கோடு போட்ட ரிப்பன் டிஸ்க்கில் மாட்டியிருக்கவில்லை. அழகாக இரண்டாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, ஓரமாகச் செருகியிருந்தது.

ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு மாட்டினேன். உள்ளே போகவில்லை. டிஸ்க்கின் ஊசி வரிசையில் ஒன்று சாய்ந்திருந்தது, அவசரமாகப் பிடுங்கியதில் வளைந்திருக்க வேண்டும். அம்மாவின் கொண்டை ஊசியை எடுத்துவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். மறுபடி மாட்டி அழுத்தினேன். போய் உட்கார்ந்துகொண்டது. கரண்டைக் கொடுத்து நீலப் பக்கத்துக்குப் போய், நன் என்றிருந்ததை மிஸ் சொன்னபடி 'ஆட்டோ' என்று மாற்றிச் சேமித்தேன். திரை ஒரு தடவை அணைந்தது. பிறகு மேகம் வந்தது.

அம்மா எழுந்துவிடுவாள் என்று சத்தத்தைக் குறைத்துவைத்திருந்தேன். என் படங்கள் இருந்தன. பட்டியல்கள் இருந்தன. எல்லாம் அப்படியே இருந்தது. அணைத்து, மூடி, திருகாணிகளை இறுக்கமாகவே பூட்டி, பெட்டியை மேஜையில் நிமிர்த்திவைத்தேன். அப்பா வந்ததும் காட்டுவதாகத் திட்டம். அன்றைக்குப் பார்த்து ஆறு மணிக்குக் கரண்டு போய்விட்டது, அப்பா தூங்குகிற வரைக்கும் வரவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஷேவ் பண்ணிக் காப்பி குடித்து நல்ல மனநிலையில் இருக்கும்போது காட்டலாம், தொட்டதற்குத் திட்டுவதற்குள் மேகம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷேவ் பண்ணிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி மேனேஜர் காரில் வந்து இறங்கினார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கையில் மக்ரூன் இனிப்பு டப்பா. என்னைப் பாப்பா என்று கூப்பிட்டுக் கொடுத்தார். அப்பா பாதி முகத்துச் சோப்பை அவசரமாகத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மேனேஜர் மழையைப் பற்றி, ரோட்டைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, அந்தப் பழைய கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது, பிள்ளைக்குப் பிரயோஜனப்படுகிறதா என்று விசாரித்தார்.

அப்பா சொன்னார்: "அது போயிட்டு அண்ணாச்சி. ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. உள்ள இருந்த ஒண்ணையும் இனி எடுக்க முடியாதாம்."

மேனேஜருடைய முகத்தில் நிம்மதி வந்ததை நானே பார்த்தேன். நல்ல சாமானாக இருந்ததே என்று உச்சுக் கொட்டிவிட்டு எழுந்தார். செருப்பில் கால் வைத்தவர், என்ன நினைத்தாரோ, சும்மா ஒரு தடவை போட்டுக் காட்டும் வே, முதலாளி கேட்டால் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லலாம் என்றார். அப்பா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. கறுப்புத் திரையும் வெள்ளை வரியும்தான் வரும் என்ற நிச்சயத்தோடு அவரே போய்ச் சுவிட்சைப் போட்டார்.

நான் எதையும் சொல்லவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் வரப்போகும் ஆச்சரியத்துக்காக மூன்று நாள் உழைத்திருந்தேன்.

மேகம் வந்தது. பிறகு அந்தத் தொடக்க இசையும் வந்தது.

 அப்பாவின் ஒரு பக்கக் கன்னத்தில் சரியாகத் துடைக்காத சோப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. நான் குதித்து முன்னால் வந்து, நான்தான் சரி பண்ணினேன் என்றேன். மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியா, என்ன கோளாறு என்று என்னிடம் மிகவும் பிரியமாகக் கேட்டார். பெரியவர் ஒருவர் என்னை அவ்வளவு மரியாதையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஒன்றையும் விடவில்லை. சுற்றுகிற சத்தம், நீலப் பக்கம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் சொன்னேன்.

"வயர் தானா கழலல மாமா. யாரோ கழத்தி, மடிச்சி, ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தாங்க."

மேனேஜர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். சமையலறை வாசலில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசாமல் இருந்ததை, என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மேனேஜர் சத்தம் போடவில்லை. இந்தப் பழசை வைத்துக்கொண்டு பிள்ளை ஏன் கஷ்டப்பட வேண்டும், இவ்வளவு புத்திசாலிப் பிள்ளைக்குப் புதிசே அனுப்பச் சொல்கிறேன், இதை நான் கொண்டுபோகிறேன் என்றார். அப்பாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கார் டிக்கியில் வைத்தார். கதவைச் சாத்தும்போது மேனேஜர், "நல்ல பிள்ளையா வளத்திருக்கீரு வே," என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது, எந்த வயர் என்று உனக்கு யார் சொன்னது என்று மட்டும் கேட்டார். மிஸ் என்றேன். நல்லா சொல்லிக் கொடுத்திருக்காங்க என்றார். அதை நான் திங்கட்கிழமை மிஸ்ஸிடம் போய் அப்படியே சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

சொன்னபடி அந்த வாரத்துக்குள் புதிய கம்ப்யூட்டர் வந்துவிட்டது. தட்டையான மானிட்டர், ஸ்பீக்கர் இரண்டு. அப்பா ஒருநாள்கூட அதன் முன்னால் உட்காரவில்லை. கம்பெனியில் அவரை ஆபீசிலிருந்து எடுத்து, உப்பு மூட்டை ஏற்றுகிற ஷெட்டில் வெயிலில் நிற்கிற வேலைக்குப் போட்டார்கள். ஒரு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு விலகி, சாகுபுரம் பக்கம் லாரி எடை போடும் இடத்தில் சேர்ந்தார். அங்கேயேதான் கடைசிவரை இருந்தார்.

நான் காலேஜ் முடித்த பிறகு, அப்பா இறந்து நாற்பது நாள் கழித்து, அம்மா இதையெல்லாம் சொன்னாள். வீட்டில் பிரிண்டர் இல்லை, ஃப்ளாப்பி ஓடாது. யாரையும் நம்பிக் கூப்பிடவும் பயம். வயரைக் கழற்றிவைத்தால் டிஸ்க் போய்விட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள், விவகாரம் ஆறினபின் அதை வக்கீலிடம் கொடுக்கலாம் என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. அப்பா தைரியசாலி இல்லை. முதலாளிக்கு எதிராக ஒரு காகிதத்தை நீட்டுகிற அப்பாவை நான் எவ்வளவு முயன்றும் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் அழிக்காமல் வைத்திருந்தார். அழிப்பது ஒரு பட்டன்தான். அதைச் செய்யாமல், அவருக்குத் தெரிந்த ஒரே வழியில், ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அந்த மனிதரின் பேரைக் காப்பாற்றி வைத்திருந்தார். எத்தனை நாள் காப்பாற்றியிருப்பார் என்று பார்க்க நான் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

விசாரணையில் கம்பெனி காட்டிய பட்டியலில் செத்தவருடைய பேர் இல்லை. அவர் வேலையில் இருந்தார் என்று சாட்சி சொல்லக் கூட இறங்கியவர்கள் யாரும் வரவில்லை. கேஸ் நிற்கவில்லை. அதன்பிறகு அந்த அக்கா பஸ் ஸ்டாண்டில் அப்பாவை எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாராம். காப்பாற்ற முடியாமல் போனதற்கு இவ்வளவு கோபமா என்று அப்பா அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அவருக்குக் கடைசிவரை ஒன்று தெரியாது. அம்மா பாதி ஊகித்திருந்தாள். முழுதும் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

புதிய கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம் இருக்கும். அந்த அக்கா மறுபடி வந்தார். அப்பா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. இந்தத் தடவை அம்மா வற்புறுத்தி உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, காப்பி போடப் போனாள். நான் அவருக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். படம் வரைந்து காட்டினேன், ஸ்பீக்கரில் பாட்டு வைத்தேன். நல்லா இருக்கு மக்கா, அப்பா வாங்கித் தந்ததா என்று கேட்டார்.

"இல்லக்கா. கம்பெனில குடுத்தாங்க. பழச எடுத்துக்கிட்டு இதக் குடுத்தாங்க."

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "பழசு நல்லாத்தான ஓடிச்சி?"

"நல்லா ஓடிச்சே. அதுல இருந்ததெல்லாம் அப்பிடியே இருந்திச்சி. மேனேஜர் மாமாவே வந்து, அப்பாதான் கார்ல தூக்கி வச்சாங்க."

வேறு எதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வயரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதை அதற்குள் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்திருந்தேன். எனக்கே அலுத்துப்போயிருந்தது.

அவர் என் தலையில் கையை வைத்தார். நல்லா படி என்றார். எழுந்து, வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அம்மா காப்பி டம்ளரோடு வந்து வெறும் நாற்காலியைப் பார்த்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தெருவுக்குப் போய், ஏளா நில்லு, காப்பி குடிச்சிட்டுப் போ என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா உள்ளே வந்து, அவளிடம் என்ன சொன்னாய் என்று என்னைக் கேட்டாள்.

ஒண்ணும் சொல்லலம்மா, கம்ப்யூட்டர்தான் காட்டினேன், அவுங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும் என்றேன்.